‘தமிழ் (மலேசியா)’: இணையத்தில் ஒதுக்கப்பட்ட நாற்காலி காலியாகக் கிடக்கிறது

ஜொகூர் பாரு – கைப்பேசித் திரையில் ஒரு தொகை ‘2,40,000’ என்று தெரிகிறது. சென்னையில் இருப்பவர் அதைத் தயங்காமல் படித்துவிடுவார். கூலாயிலோ குளுவாங்கிலோ இருப்பவர் கொஞ்சம் நிற்பார். காற்புள்ளி ஏன் இந்த இடத்தில் நிற்கிறது? ஒரு சுழியம் விட்டுப் போயிற்றா? மலேசியப் பள்ளியில் கணக்குப் படித்த எவருக்கும் அந்தத் தொகை 240,000 என்றுதான் பழக்கம். சேமநிதிக் கணக்கையோ வீட்டுக் கடனையோ பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தத் தயக்கம் சின்ன விஷயமல்ல.

இதில் மொழிபெயர்ப்பாளர் மேல் குற்றம் இல்லை. சொற்கள் எல்லாம் சரியான தமிழில் இருக்கலாம். தவறு நடந்தது யாரும் பார்க்காத ஓரிடத்தில். இணையத்தளத்தை அமைத்தவர், மொழியைக் குறிக்கும் இடத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகளை மட்டும் போட்டுவிட்டு, அதன் பின்னால் வரவேண்டிய இன்னும் இரண்டு எழுத்துகளை விட்டுவிட்டார்.

உலக மொழிகளுக்கு ஐஎஸ்ஓ 639 என்ற தரநிலை குறியீடு கொடுத்திருக்கிறது. தமிழுக்கு ‘டிஏ’, மலாய்க்கு ‘எம்எஸ்’, ஆங்கிலத்துக்கு ‘இஎன்’. நாடுகளுக்கு ஐஎஸ்ஓ 3166 என்ற தனிப் பட்டியல் இருக்கிறது. அதில் மலேசியா ‘எம்ஒய்’, சிங்கப்பூர் ‘எஸ்ஜி’, இந்தியா ‘ஐஎன்’, இலங்கை ‘எல்கே’. இரண்டையும் நடுவில் ஒரு சிறு கோடு போட்டுச் சேர்த்தால், எந்த மொழி, எந்த நாட்டு வழக்கம் என்று கணினிக்குப் புரிந்துவிடும். இப்படிச் சேர்த்து எழுதும் முறை இணையத்துக்கென்று 1995இல் முதன்முதலாக வரையறுக்கப்பட்டது. இன்று நடைமுறையில் இருக்கும் விதி 2009 செப்டம்பரில் வந்தது.

மலேசியத் தமிழர்களில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. ‘டிஏ-எம்ஒய்’, அதாவது ‘தமிழ் (மலேசியா)’ என்ற குறியீட்டை யாரும் இனிமேல் போராடிப் பெறவேண்டியதில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது. யூனிகோட் அமைப்பு பராமரிக்கும் சிஎல்டிஆர் என்ற தரவுக் களஞ்சியத்தில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நான்கு நாட்டுத் தமிழுக்கும் தனித்தனி இடம் உண்டு. கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்றும் தேதி, எண், நாணயம் எப்படித் தெரியவேண்டும் என்பதை அந்தக் களஞ்சியத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன.

அந்தக் களஞ்சியத்தில் வெறும் ‘டிஏ’ என்பது பெரிய வீடு போன்றது. நாட்டுக் குறியீடு இல்லாமல் வந்தால், அது இந்தியத் தமிழ் என்றே கணினி எடுத்துக்கொள்ளும். பேசுவோர் எண்ணிக்கையைப் பார்த்தால் இதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வீட்டு வழக்கப்படி பெரிய எண்கள் லட்சம், கோடிக் கணக்கில் பிரியும்: 1,50,000 என்று. ‘டிஏ-எம்ஒய்’ என்று எழுதினால் அதே எண் 150,000 என்று மாறிவிடும். ரிங்கிட்டுக்கு ‘எம்ஒய்ஆர்’ என்ற வங்கிச் சுருக்கம் தெரியும் இடத்தில், எல்லாருக்கும் பழகிய ‘ஆர்எம்’ தெரியும். செய்யவேண்டியது அவ்வளவுதான். பல மாத வேலை இல்லை, பெரிய செலவும் இல்லை.

இந்தக் கோளாறு ஏன் எளிதில் கண்ணில் படுவதில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை இரண்டு முறையிலும் ஒரே மாதிரிதான் எழுதவேண்டும். 99,999 வரை இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. இலட்சத்தைத் தொட்ட பிறகுதான் காற்புள்ளி இடம் மாறும். சோதித்துப் பார்ப்பவர் பத்து வெள்ளி, நூறு வெள்ளி என்று போட்டுப் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று எழுந்துவிடுவார். வாழ்நாள் சேமிப்பைப் பார்க்க வருகிறவர்தான் மாட்டிக்கொள்வார்.

வெள்ளி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். தோட்டப்புறத்தில் ரிங்கிட்டுக்கு வெள்ளி என்றுதான் பெயர். பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர் டாலருக்கும் அதே பெயர். வாரத்தில் ஒரு நாளும் வெள்ளி. தமிழ்நாட்டில் ஒருவரிடம் ‘ஐம்பது வெள்ளி கொடு’ என்றால் அவர் விழிப்பார். மலேசியத் தமிழ் என்பது பிழைபட்ட தமிழல்ல, இன்னொரு நாட்டில் இருநூறு ஆண்டுகளாகப் புழங்கி வரும் தமிழ். அதற்கென்று ஒரு நாட்டுக் குறியீடு இருப்பதன் பொருளும் இதுதான்.

குறியீடு இருந்தும் குழப்பம்

இணையத்தளம் அமைப்பவர்கள் வழக்கமாக விழும் குழிகள் சில இருக்கின்றன. முதலாவது, மொழியையும் நாட்டையும் குழப்பிக்கொள்வது. மலேசியத் தளம்தானே என்று மொழிக்கு உரிய இடத்தில் ‘எம்ஒய்’ என்று போட்டுவிடுகிறார்கள். நாடுகளின் பட்டியலில் அது மலேசியா. மொழிகளின் பட்டியலில் அதே எழுத்துகள் பர்மிய மொழியைக் குறிக்கும். ‘எஸ்ஜி’ என்றால் சிங்கப்பூர்தான், ஆனால் மொழியாக எழுதினால் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் பேசப்படும் சாங்கோ. மலாய்க்கு ‘எம்எல்’ என்று எழுதினால் அது மலையாளம் ஆகிவிடும். தமிழுக்கு ‘டிஎம்’ என்று எழுதுபவர்களும் உண்டு. மொழிப் பட்டியலில் அப்படி ஒன்று கிடையாது, நாட்டுப் பட்டியலில் அது துர்க்மெனிஸ்தான்.

பார்வை நன்றாக இருப்பவருக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. எழுத்து தமிழாகத் தெரிந்தால் படித்துவிட்டுப் போவார். பார்வையற்றவர்களும் கண் மங்கிய முதியவர்களும் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளின் நிலை வேறு. பக்கத்தின் தலையில் எழுதியிருக்கும் மொழிக் குறியீட்டை நம்பித்தான் அது குரலைத் தேர்ந்தெடுக்கும். பக்கம் முழுக்கத் தமிழ் இருக்க, தலையில் பர்மியம் என்று எழுதியிருந்தால், மென்பொருள் பர்மியக் குரலைத் தேடப் போய்விடும்.

குரல் விஷயத்தில் பெரிய நிறுவனங்கள் மலேசியத் தமிழரைவிட ஒரு படி முன்னால் போய்விட்டன எனலாம். மைக்ரோசாஃப்டின் அஸ்யூர் சேவையில் எழுத்தைப் பேச்சாக மாற்ற ‘தமிழ் (மலேசியா)’ என்ற பெயரிலேயே ஒரு பெண் குரலும் ஓர் ஆண் குரலும் இருக்கின்றன. அவற்றுக்குக் கனி, சூர்யா என்று பெயர். பேச்சை எழுத்தாக மாற்றும் கூகுள் சேவையும் மலேசியத் தமிழைத் தனியாகவே பட்டியலிட்டிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு மருத்துவமனைச் சந்திப்பு நாளைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லும் செயலி செய்வதற்குக் கருவிகள் தயார். அவற்றை வேலை வாங்கும் கட்டளையிலும் அதே நான்கு எழுத்துகள்தான் வரும்.

இரண்டாவது குழி, கொடி. மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மலாய்க்கு மலேசியக் கொடி, ஆங்கிலத்துக்குப் பிரிட்டன் கொடி, தமிழுக்கு இந்தியக் கொடி வைப்பது ஒரு பழக்கம். இதைச் செய்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருப்பதில்லை, பார்த்தவுடன் புரியட்டும் என்றுதான் வைக்கிறார்கள். ஆனால் மூன்று தலைமுறைக்கு முன்பே இந்த மண்ணில் பிறந்த குடும்பத்தைச் சேர்ந்தவர், தன் தாய்மொழியில் படிக்க வேறொரு நாட்டின் கொடியை அழுத்தவேண்டியிருக்கிறது. அது எப்படி இருக்கும் என்று அழுத்துகிறவருக்குத்தான் தெரியும். கொடி நாட்டின் அடையாளம், மொழியின் அடையாளம் அல்ல என்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பும் சொல்கிறது. ‘தமிழ்’ என்று தமிழிலேயே எழுதிவிட்டால் கொடிக்கே வேலையில்லை.

மூன்றாவதுதான் பெரிய இழப்பு. ஒருவர் தம் கைப்பேசியில் தமிழ் (மலேசியா) என்று தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார். அவர் போகும் தளத்தில் தமிழ்ப் பக்கம் இருக்கிறது, ஆனால் அதற்கு இட்டிருக்கும் பெயர் ‘டிஏ-ஐஎன்’, இந்தியத் தமிழ். தளத்தின் மென்பொருள் முதலில் ‘டிஏ-எம்ஒய்’ இருக்கிறதா என்று பார்க்கும். இல்லை. பிறகு வெறும் ‘டிஏ’ இருக்கிறதா என்று பார்க்கும். அதுவும் இல்லை. விதிப்படி அது பக்கத்து நாட்டுத் தமிழைத் தேடிப் போகாது, நேராக ஆங்கிலத்துக்கோ மலாய்க்கோ போய்விடும். தமிழ்ப் பக்கம் அங்கேயே இருந்தும் தமிழ் கேட்டவருக்குக் கிடைக்காது. இதற்குத் தீர்வு எளியது. பொதுவான பக்கத்துக்கு வெறும் ‘டிஏ’ என்று பெயர் வைத்து, நாட்டுக்கு நாடு மாறும் சில விஷயங்களை மட்டும் அந்தந்த நாட்டுக் குறியீட்டின் கீழ் வைத்தால், யார் வந்தாலும் வெறுங்கையோடு திரும்பமாட்டார்கள்.

இன்னொன்றையும் போகிறபோக்கில் சொல்லிவிடலாம். மலாயில் ஒன்றுக்கும் பலவற்றுக்கும் எண்ணுடன் வரும்போது ஒரே வடிவம்தான். மலாய்த் தளத்தைத் தமிழுக்கு மாற்றும்போது மொழிபெயர்ப்பாளர் கையில் ஒரே ஒரு கட்டத்தைக் கொடுத்தால், ‘1 செய்திகள்’ அல்லது ‘5 செய்தி’ என்று ஏதாவது ஒன்று தவறாகத்தான் வரும். தமிழுக்கு இரண்டு கட்டம் வேண்டும் என்பதும் அந்தக் களஞ்சியத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஜொகூருக்கு வந்த சோதனை

நாட்டுக் குறியீடு போட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா என்றால், ஜொகூர் மக்கள் சிரிப்பார்கள். 2014 ஜனவரி 1 முதல் 2024 டிசம்பர் 31 வரை, முழுதாகப் பதினொரு ஆண்டுகள், இந்த மாநிலத்தில் அரசாங்க அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஞாயிறு வேலை நாள். மலாக்காவில் இருக்கும் சித்தப்பா பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க, தங்காக்கில் இருக்கும் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்குச் சீருடை போட்டுக் கிளம்பினார்கள். ஞாயிறு முகூர்த்தக் கல்யாணங்களுக்கு விடுப்பு எடுத்துத்தான் போகவேண்டியிருந்தது. 2024 அக்டோபரில் ஜொகூர் இடைக்கால சுல்தான் துங்கு இஸ்மாயில் அறிவித்ததைத் தொடர்ந்து, 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாநிலம் திரும்பியது.

மென்பொருளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அந்தக் களஞ்சியத்தில் வார விடுமுறை நாடு வாரியாகத்தான் இருக்கிறது. மலேசியா என்றால் சனி, ஞாயிறு. இந்தியா என்றால் ஞாயிறு மட்டும். ஆகவே ‘டிஏ-ஐஎன்’ என்று அமைத்த நாட்காட்டி சனிக்கிழமையை வேலை நாளாகக் காட்டும். ‘டிஏ-எம்ஒய்’ என்று சரியாக அமைத்த நாட்காட்டியும் பதினொரு ஆண்டுகள் ஜொகூருக்குத் தவறாகவே காட்டியிருக்கும். கிளந்தான், திரங்கானு, கெடா மாநிலங்களுக்கு இன்றும் அதே நிலைதான், அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை.

மாநிலங்களுக்கும் குறியீடு இல்லாமல் இல்லை. ஐஎஸ்ஓ 3166இன் இரண்டாம் பகுதியில் மலேசிய மாநிலங்களுக்கு எண்கள் கொடுத்திருக்கிறார்கள், ஜொகூருக்கு முதல் எண், ‘எம்ஒய்-01’. அகரவரிசையில் முதலில் வந்ததைத் தவிர அதில் வேறு பெருமை இல்லை என்றாலும் ஜொகூர்க்காரர்கள் மறுக்கமாட்டார்கள். பயனர் எந்த மாநிலம் என்பதையும் மொழிக் குறியீட்டின் வாலில் ஒட்டி அனுப்ப வழி இருக்கிறது. ஆனால் மாநில வார விடுமுறை எது என்ற தகவலைத் தளம் நடத்துபவர்தான் தம் கையால் எழுதி வைக்கவேண்டும். 2014இல் அப்படி எழுதி வைத்தவர்கள் 2025இல் மறக்காமல் அழிக்கவும் வேண்டியிருந்தது. பேருந்து அட்டவணை, கிளினிக் நேரம், பள்ளி அறிவிப்பு என்று எதை எடுத்தாலும், மாநிலத்தைத் தனியாகக் கேட்கும் தளமே ஜொகூரில் நம்பத்தக்கது.

பொது விடுமுறையும் இப்படித்தான். தைப்பூசம் ஜொகூரில் பொது விடுமுறை. ஒரு கிலோமீட்டர் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் 1968 முதல் அது பொது விடுமுறை இல்லை. மாசாயில் வீடு, உட்லண்ட்ஸில் வேலை என்று தினமும் விடியுமுன் பாலத்தைக் கடக்கும் தமிழர் காலையில் ஒரு குறியீட்டிலும் பகலில் இன்னொரு குறியீட்டிலும் வாழ்கிறார். பெயர்கூட மாறிவிடுகிறது. மலேசிய அடையாளக் கார்டில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’, சிங்கப்பூரில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’. வெளிநாட்டில் எழுதப்பட்ட படிவங்கள் நடுவில் இருக்கும் சாய்கோட்டை ஏற்க மறுத்து, பெயரில் பிழை என்று சிவப்பு எழுத்தில் திருப்பி அனுப்புவதும், குடும்பப் பெயர் எங்கே என்று கேட்பதும் இங்கே எல்லா வீட்டிலும் தெரிந்த கதை.

பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. அதனால் அங்கே இணையத்தில் தமிழுக்கு இடம் கிடைப்பது எளிது. இணைய முகவரியின் கடைசிப் பகுதியைத் தமிழிலேயே ‘.சிங்கப்பூர்’ என்று எழுதலாம். ‘.இந்தியா’, ‘.இலங்கை’ என்ற தமிழ் முகவரிகளும் இருக்கின்றன. நான்கு நாடுகளில் தமிழில் முகவரி இல்லாதது மலேசியாவுக்கு மட்டுமே. மலேசியா ஜாவி எழுத்தில் ஒன்றைப் பெற்றிருக்கிறது.

ஆட்சிமொழி என்ற தகுதி மட்டும் போதாது என்பதற்கும் சிங்கப்பூரே சாட்சி. 2014இல் லாவ் பா சாட் என்ற புகழ்பெற்ற உணவங்காடிக்கு வழிகாட்டும் பலகையில், ‘சாட்’ என்பதைச் சனிக்கிழமையின் ஆங்கிலச் சுருக்கமாக எடுத்துக்கொண்டு தமிழில் ‘சனி’ என்று எழுதிவிட்டார்கள். சாப்பிட வந்தவர்களைச் சனியன் வரவேற்றது. குறியீடு சரியாக இருந்தாலும் தமிழ் தெரிந்த ஒருவர் கடைசியாக ஒருமுறை படித்துப் பார்க்காவிட்டால் இப்படித்தான் முடியும்.

மலேசியாவில் தேசிய மொழி மலாய். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. அரசாங்கத் தளங்கள் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. ஆனால் தமிழில் தருவதற்குச் சட்டம் தடை என்று நினைப்பவர்கள் 1963/67 தேசிய மொழிச் சட்டங்களின் 3ஆவது பிரிவைப் படித்துப் பார்க்கலாம். பொதுநலனுக்குத் தேவை என்று கருதினால், மத்திய அரசாங்கமோ மாநில அரசாங்கமோ அதிகாரப்பூர்வ ஆவணங்களையும் அறிவிப்புகளையும் மற்றச் சமூகங்களின் மொழியில் மொழிபெயர்த்துப் பயன்படுத்தும் உரிமையை அந்தப் பிரிவு காக்கிறது. வெள்ள எச்சரிக்கை, டிங்கிக் காய்ச்சல் அறிவிப்பு, உதவித்தொகை விண்ணப்பம் ஆகியவை பொதுநலன் இல்லை என்று யாரும் வாதாடப் போவதில்லை.

தொழில்நுட்பம் மலேசியத் தமிழருக்குப் புதிதும் அல்ல. முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். 2001ஆம் ஆண்டின் உலகத் தமிழ் இணைய மாநாடு நடந்தது கோலாலம்பூரில். கணினியில் தமிழ் எழுத்து தெரியவேண்டும் என்ற போராட்டத்தில் இந்த நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. எழுத்து வந்து சேர்ந்துவிட்டது. அதற்கடுத்த படியான நாட்டு வழக்கத்தில்தான் கவனம் சிதறிப்போனது.

ஜொகூரில் இன்று இதைப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜொகூர் – சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தானது. தரவு மையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. கூலாயில் ஒய்டிஎல் குழுமத்தின் தரவு மையப் பூங்கா அமைந்திருப்பது கூலாய் யங் தோட்ட நிலத்தில். செம்பனை நின்ற மண்ணில் இப்போது கணினிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. மாநிலத்தின் ஏறக்குறைய 70 தமிழ்ப்பள்ளிகளில் படித்து வெளியேறும் பிள்ளைகளில் மென்பொருள் துறைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கோயில் நிர்வாகம், கூட்டுறவுக் கடை, பெற்றோர் ஆசிரியர் சங்கம் எதுவானாலும், அதற்குத் தமிழ்ப் பக்கம் அமைப்பவர் பெரும்பாலும் அந்த வட்டாரத்து இளைஞர்தான். பக்கத்தின் தலையில் எந்த எழுத்துகளைப் போடுகிறார் என்பது அவர் கையில் இருக்கிறது.

சிஎல்டிஆர் களஞ்சியத்தில் மலேசியத் தமிழுக்கு எழுதப்பட்டிருப்பவை மிகச் சில வரிகளே. மீதியெல்லாம் இந்தியத் தமிழிலிருந்து வருபவை. அதில் திருத்தம் முன்மொழிய யூனிகோட் அமைப்பு குறிப்பிட்ட காலங்களில் இணையம் வழியாக வாய்ப்புத் தருகிறது. பெரிய நிறுவனங்களின் வாக்குக்கு எடை அதிகம் என்றாலும் தனிநபரும் பதிந்து கலந்துகொள்ளலாம். இந்திய ஆய்வியல் துறை இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களிலிருந்து சிலர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு பருவத்தில் முடியக்கூடிய வேலை.

ஒரு தளத்துக்கு வருகிறவரின் கைப்பேசி, பக்கத்தைக் கேட்கும்போதே தனக்கு எந்த மொழி வேண்டும் என்ற குறியீட்டையும் சேர்த்து அனுப்புகிறது. தளம் நடத்துபவர் விரும்பினால் அந்தப் பதிவுகளை எண்ணிப் பார்க்கலாம். தமிழ் வேண்டும் என்று எத்தனை பேர் கேட்டார்கள் என்று அதில் தெரிந்துவிடும். தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் பெரும்பாலான கைப்பேசிகள் கடையில் வாங்கியபோது இருந்த ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. அவை அனுப்பும் பதிவில் தமிழர் ஒருவர்கூட இல்லை. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அமைப்புகள் பகுதிக்குள் போய், மொழி என்ற இடத்தில் தமிழைத் தொட்டால், கீழே நான்கு நாடுகளின் பெயர் வரும். மலேசியா அதில் ஒன்று. முழுக்கத் தமிழுக்கு மாற விருப்பமில்லாதவர்கள் ஆங்கிலத்தை முதலிலும் தமிழ் (மலேசியா) என்பதை இரண்டாவதாகவும் வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக் கைப்பேசிக் கடைத் தம்பியிடம் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் செய்து தருவார்.